கல்குவாரியில் வெல்டிங் வேலை: போன் வந்ததிலிருந்து பில் போடும் வரை

ஜிகணி, ஆனேக்கல், கனகபுரா, சிக்கபள்ளாபுரம் பக்கக் குவாரிகளுக்கும் கல் உடைக்கிற கிரஷர்களுக்கும் வண்டியில் போய் வெல்டிங் செய்கிறவர்களில் நம் ஆட்கள் நிறையப் பேர் இருக்கிறார்கள். கிருஷ்ணகிரி, தர்மபுரியிலிருந்து பெங்களூருக்கு வந்து, கேட் கிரில் கடையில் தொழில் கற்று, கூலி அதிகம் என்று இந்தப் பக்கம் திரும்பியவர்கள்தான் பெரும்பாலும். என்னிடம் அப்படி வந்த பையன்களுக்குக் கை நன்றாகவே இருந்தது, ராடு ஓட்டுவதில் குறை சொல்ல முடியாது. தடுமாறியதெல்லாம் எதை முதலில் செய்வது, எதை அப்புறம் செய்வது என்பதில்தான். வண்டியை நிறுத்திப் பத்து நிமிஷத்தில் ஆர்க் அடித்துவிடுவார்கள். மூன்றாம் நாள் போன் வரும். போய்ப் பார்த்தால் வெல்டு அப்படியே இருக்கும், அதற்கு ஒட்டினாற்போல இரும்பு பிளந்திருக்கும்.

நான் செய்கிற வரிசையை அப்படியே கீழே எழுதுகிறேன்.

1. போனிலேயே கேட்டுவிட வேண்டியவை

"பக்கெட் ஒடஞ்சு போச்சு, சீக்கிரம் வாங்க" என்று மட்டும்தான் சொல்வார்கள். அதை நம்பிக் கிளம்பாதீர்கள். மூன்று போட்டோ கேளுங்கள்: முழு மெஷின் ஒன்று, உடைந்த பாகம் ஒன்று, விரிசலை ஒட்டி டேப் வைத்து எடுத்தது ஒன்று. டேப் இல்லாத போட்டோவில் 12 மி.மீ. தகடும் 40 மி.மீ. தகடும் ஒரே மாதிரித் தெரியும். சூடு காட்ட எவ்வளவு கேஸ் வேண்டும், எத்தனை கிலோ ராடு வேண்டும் என்பதெல்லாம் அந்தத் தடிமனை வைத்துத்தான்.

அடுத்து, அந்த இடத்தில் ஏற்கெனவே யாராவது வெல்டு வைத்தார்களா என்று கேளுங்கள். வைத்திருந்தால், என்ன ராடு என்று தெரியாத அந்தப் பழைய வெல்டு முழுவதையும் தோண்டி எடுத்த பிறகுதான் உங்கள் வேலை ஆரம்பம். இரண்டு மணி நேர வேலை அரை நாளாகும், கூலியையும் அதற்கேற்பப் பேச வேண்டும்.

சைட்டில் மூன்று பேஸ் கரன்ட் இருக்கிறதா, பாகத்தைத் தூக்கிப் பிடிக்க ஹைட்ரா (சின்ன கிரேன்) கிடைக்குமா, வெடி வைப்பது எத்தனை மணிக்கு, மெஷினை எவ்வளவு நேரம் நிறுத்தித் தருவார்கள் என்பதையும் முதல் நாளே கேட்டுக்கொள்ளுங்கள். பெங்களூர் எஸ்.ஜே.பி. ரோட்டுக் கடைகளில் ராடு வாங்க வேண்டியிருந்தால் மாலையிலேயே வாங்கிவிடுங்கள். விடியற்காலையில் கிளம்பினால்தான் நெரிசலுக்கு முன் ஊரைத் தாண்டலாம், அந்த நேரத்தில் எந்தக் கடையும் திறந்திருக்காது.

2. வண்டியில் ஏற்றுவது

சைட்டில் கரன்ட் நிச்சயம் என்றால் 400 ஆம்ப் இன்வெர்டர் மெஷின் போதும். குவாரிக் குழிக்குள் ஹிட்டாச்சி (தோண்டுகிற மெஷின்) நிற்கிறது என்றால் எஞ்சின் வெல்டிங் செட்டோ டீசல் ஜெனரேட்டரோ இல்லாமல் போய்ப் பயனில்லை.

கேஸ் மறைப்பில் வயர் ஓடுகிற மிக் மெஷினைக் கடையிலேயே விட்டுவிடுங்கள். குழிக்குள் அடிக்கிற காற்று கேஸைக் கலைத்துவிடும், வெல்டு முழுக்க ஓட்டை விழும். குவாரிக்கு ராடு வெல்டிங்தான் சரி. கேஸ் தேவைப்படாத பிளக்ஸ் கோர் வயர் வைத்திருந்தால் அதுவும் ஓடும்.

கேபிளில் காசு மிச்சம் பிடிக்காதீர்கள். போக வர 60 மீட்டர் செம்புக் கேபிளில் 200 ஆம்ப் ஓடும்போது, 25 சதுர மி.மீ. கேபிளாக இருந்தால் கிட்டத்தட்ட 9 வோல்ட் கேபிளிலேயே தொலைந்துபோகும். 50 சதுர மி.மீ. என்றால் அதில் பாதிதான். ஆர்க்குக்குத் தேவை 28 வோல்ட் அளவுதான் என்னும்போது 9 வோல்ட் பெரிய இழப்பு. புதுப் பையன்கள் "மெஷின் வீக் அண்ணே" என்று ஆம்பைத் திருகுவார்கள். கேபிளைத் தொட்டுப் பார்த்தால் சுடும்.

ராடில் மூன்று வகை எப்போதும் இருக்கட்டும். சுமை தாங்குகிற பாகங்களுக்கு 7018. மாங்கனீஸ் இரும்பை மற்ற இரும்போடு சேர்க்க 307 அல்லது 309 ஸ்டெய்ன்லெஸ். தேயாமலிருக்க மேலே கடினமான அடுக்கு போடுகிற ஹார்ட்ஃபேசிங் ராடு. 6013 கொஞ்சம் இருக்கலாம், கார்டு (பாதுகாப்பு மறைப்பு), கைப்பிடி போன்றவற்றுக்கு மட்டும்.

இவை போக 4 இஞ்ச், 7 இஞ்ச் கிரைண்டர், சூடு காட்ட பர்னர், சூட்டை உருகிக் காட்டுகிற சாக்பீஸ் அல்லது இன்ஃப்ராரெட் தெர்மாமீட்டர், காந்தம், விரிசலைக் காட்டுகிற சிவப்பு–வெள்ளை ஸ்ப்ரே செட், செயின் பிளாக், தீப்போர்வை, இரண்டு தீயணைப்பான், சொந்தப் பூட்டு. கேஸ் சிலிண்டரை நிற்கவைத்துச் சங்கிலி போட்டுக் கட்டுங்கள். டியூபில், தீ சிலிண்டருக்குத் திரும்பாமல் தடுக்கிற பிளாஷ்பேக் அரெஸ்டர் இருக்க வேண்டும். வீட்டுச் சிலிண்டரைக் கொண்டுபோகவே கூடாது.

3. கேட்டில் நின்று கேட்பது

வெடி வைக்கிற குவாரி சட்டப்படி சுரங்கமாகக் கருதப்படுகிற இடம். நேராகக் குழிக்கு வண்டியை இறக்காமல், மேஸ்திரியையோ போர்மேனையோ பார்த்து வேலை அனுமதி எழுதி வாங்குங்கள். ஹெல்மெட், ஷூ இல்லாமல் விட்டாலும் நீங்கள் போடுங்கள்.

வெடிக்குத் துளை நிரப்பிக்கொண்டிருந்தால் அந்தப் பக்கமே வெல்டிங் செட்டைக் கொண்டுபோகக் கூடாது. எலெக்ட்ரிக் டெட்டனேட்டரை வெடிக்கவைக்க மின்சாரம் கொஞ்சம் போதும். உங்கள் எர்த்திலிருந்து தரைவழியாக அலைகிற கரன்ட் அந்த வேலையைச் செய்துவிடலாம். வெடி முடிந்து, அதை வைத்த பிளாஸ்டர் (வெடி வைக்கிற ஆள்) வந்து பார்த்து, 'கிளியர்' என்று சொன்ன பிறகு இறங்குங்கள்.

4. மெஷினைச் செத்த மெஷினாக்குவது

கிரஷர் என்றால் மெயின் பேனலில் ஆஃப் செய்து உங்கள் சொந்தப் பூட்டைப் போடுங்கள். சாவி உங்கள் பாக்கெட்டில். சூப்பர்வைசரிடம் கொடுத்து வைக்காதீர்கள், அவர் சாப்பிடப் போன நேரத்தில் இன்னொருவர் வாங்கிக்கொள்வார்.

பூட்டோடு ஒரு அட்டை தொங்கவிடுங்கள். நம் பையன்கள் தமிழில் எழுதி மாட்டிவிட்டு வருவார்கள். பேனலைத் தொடுகிறவர் கன்னடக்காரர் அல்லது ஜார்க்கண்ட், ஒடிசாவிலிருந்து வந்தவர், அவருக்கு அது வெறும் படம். 'வேலை நடக்கிறது, ஸ்விட்ச் போடாதீர்கள்' என்பதை, 'கெலச நடீதிதே, ஸ்விச் ஹாகபேடி' என்று கன்னட எழுத்திலும், 'காம் சல் ரஹா ஹை, ஸ்விச் ஆன் மத் கரோ' என்று இந்தி எழுத்திலும் எழுதி லேமினேட் செய்து வைத்துக்கொள்ளுங்கள். எழுதித் தர ஆள் கிடைக்காத ஊரா பெங்களூர்!

கரன்ட் போனாலும் எடை போகாது. ஜா கிரஷரின் (தாடை போல இரண்டு தகடு கல்லை நசுக்குகிற மெஷின்) பிளைவீல் சக்கரம் தானாகச் சுற்றி நிற்கும் வரை காத்திருங்கள். ஹாப்பரில் (கல் கொட்டுகிற தொட்டி) தொங்குகிற கல்லை முதலில் இறக்குங்கள். ஆடுகிற ஜாவுக்குக் கட்டை கொடுங்கள். கன்வேயர் பெல்ட் சரிவில் சுமையோடு நின்றால் பின்னோக்கி ஓடும், அதைக் கிளாம்ப் போட்டுப் பிடியுங்கள்.

ஹிட்டாச்சி என்றால் சமதரையில் நிறுத்தி, பூமையும் (நீண்ட கை) பக்கெட்டையும் தரையில் இறக்கி, எஞ்சினை நிறுத்தி, லீவர்களை எல்லாப் பக்கமும் ஆட்டி ஹைட்ராலிக் அழுத்தத்தை வெளியேற்றச் சொல்லுங்கள். பக்கெட்டைத் தூக்கி வைத்துத்தான் வேலை செய்ய முடியும் என்றால் மரக்கட்டையோ ஸ்டாண்டோ கொடுங்கள். ஹைட்ராலிக்கை நம்பி அடியில் படுக்கவே வேண்டாம். ஒரு ஹோஸ் வெடித்தால் போதும்.

5. பேட்டரியும் எர்த்தும்

பேட்டரியில் நெகட்டிவ் முதலில் கழற்றுங்கள், மாட்டும்போது அது கடைசி. ஐசொலேட்டர் சுவிட்சை மட்டும் திருப்பினால் போதாது. புது மெஷின்களில் எஞ்சின் கன்ட்ரோலரின் பிளக்கையும் ஆபரேட்டரை வைத்துக் கழற்றச் சொல்லுங்கள். ஒரு கன்ட்ரோலர் போனால், நீங்கள் பல மாதம் சம்பாதித்தது அதோடு போகும்.

எர்த் கிளாம்ப் வெல்டு வைக்கிற அதே பாகத்தில், முடிந்த அளவு பக்கத்தில், கிரைண்டரால் பளபளப்பாக்கிய இடத்தில் மாட்ட வேண்டும். கரன்ட் ராடிலிருந்து எர்த்துக்குப் போகும் வழியில் பேரிங்கோ, பின்–புஷ்ஷோ, ஹைட்ராலிக் சிலிண்டரோ வரவே கூடாது. வந்தால் உருளைகளுக்கு நடுவே குட்டிக் குட்டி ஆர்க் அடித்துக் குழி விழும். அன்றைக்கு எதுவும் தெரியாது, சில வாரங்களில் சத்தம் வர ஆரம்பிக்கும்.

என் ஆரம்ப காலத்தில் ஒருமுறை செயின் டிராக்கில் எர்த் கொடுத்துவிட்டு மேலே பூமில் வெல்டு வைத்தேன். கரன்ட் முழுக்க, மேல்பாகம் சுழல்கிற ஸ்லூயிங் பேரிங் வழியாகத்தான் போயிருக்கும். அந்த பேரிங் பிறகு கெட்டுப்போனது. என்னால்தானா என்று யாரும் கேட்கவில்லை, எனக்குத் தெரியும்.

6. இது என்ன இரும்பு?

கிரில் கடையில் எல்லாம் மைல்டு ஸ்டீல், அதனால் இந்தக் கேள்வியே அங்கே வராது. குவாரியில் ஒரே சைட்டில் நான்கு வகை இரும்பு இருக்கும். புதிதாக வருகிறவர்கள் விழுகிற பெரிய குழி இதுதான்.

முதலில் காந்தம் வையுங்கள். ஜா பிளேட், கோன் கிரஷரின் உள்கூம்பு உறையான மேன்டில் போன்றவை மாங்கனீஸ் இரும்பு: 11 முதல் 14 சதவீதம் மாங்கனீஸ், 1 சதவீதத்துக்கு மேல் கார்பன். காந்தம் ஒட்டாது. மேல்தோலில் லேசாக ஒட்டினாலும் ஏமாறாதீர்கள், கொஞ்சம் அரைத்துவிட்டு உள்ளே பாருங்கள். காந்தம் ஒட்டாமல், துருவும் பிடித்திருந்தால் அது ஸ்டெய்ன்லெஸ் இல்லை, மாங்கனீஸ்தான்.

மாங்கனீஸ் இரும்பைச் சூடு காட்டக் கூடாது. 260 டிகிரிக்கு மேல் சூடு நின்றால் உள்ளே கார்பைடு பிரிந்து, அடித்தால் தெறிக்கிற மாதிரி நொறுங்கத்தக்கதாகிவிடும். ஆகவே சின்னச் சின்ன வெல்டு ஓட்டம், ஒரு இடம் முடிந்ததும் தள்ளிப்போய் இன்னொரு இடம். வெல்டிலிருந்து ஒரு சாண் தள்ளிக் கை வைக்க முடிய வேண்டும். இதை மட்டும் ஈரத்துணி போட்டுக்கூட ஆற வைக்கலாம். கல் அடித்து அடித்து இறுகிய மேல்தோலை அரைத்து எடுத்த பிறகே வெல்டு வையுங்கள், இல்லாவிட்டால் அந்தத் தோலோடு சேர்ந்து வெல்டும் உரிந்து வரும்.

பக்கெட்டின் தேய்மானத் தகடு ஹார்டாக்ஸ் வகையாக (மிகக் கடினமான தகடு) இருந்தால் அரம் வைத்தாலே தெரிந்துவிடும், வழுக்கிக்கொண்டு போகும். இதற்குத் தடிமனைப் பொறுத்து மிதமான சூடு வேண்டும். ஆனால் ஓட்டங்களுக்கு இடையே 225 டிகிரியைத் தாண்டவிடக் கூடாது, தாண்டினால் கடினம் போய்விடும். பிறகு ஹார்டாக்ஸ் விலை கொடுத்ததற்கு அர்த்தமில்லை.

பல் மாட்டுகிற அடாப்டர் வார்ப்பு அலாய் இரும்பு. காந்தம் ஒட்டும், பார்க்க மைல்டு ஸ்டீல் போலவே இருக்கும். சூடு காட்டாமல் வெல்டு வைத்தால் நிச்சயம் பிளக்கும்.

ஆக, ஒரு இரும்புக்குச் சூடு மருந்து, இன்னொன்றுக்கு அதுவே விஷம். தெரியாமல் ஆரம்பிப்பதைவிட, ஆபரேட்டரிடம் கேட்டு, காந்தம் வைத்து, ஓரத்தில் அரைத்துப் பார்க்கச் செலவாகிற கால் மணி நேரம் மலிவு.

7. விரிசலின் நுனியைப் பிடிப்பது

கண்ணுக்குத் தெரிகிற விரிசல் எப்போதும் உண்மையான விரிசலைவிடக் குட்டை. கிரீஸ், பெயின்ட், மண் எல்லாம் சுத்தமாக எடுத்துவிட்டு, சிவப்பு ஸ்ப்ரே அடித்து 10 முதல் 20 நிமிஷம் விடுங்கள். துடைத்துவிட்டு வெள்ளை அடித்தால் சிவப்புக் கோடு ஊறி வெளியே வரும். அது முடிகிற இடத்துக்குச் சற்றுத் தள்ளி 8 மி.மீ. அளவில் ஒரு துளை போடுங்கள். தோண்டும்போதும் சூட்டிலும் விரிசல் மேலே ஓடாமல் அந்தத் துளையில் நின்றுவிடும்.

அப்புறம் விரிசலை அடிவரை தோண்டுங்கள். மேலே மட்டும் ஒரு 'வி' வெட்டி நிரப்பினால், அடியில் கிடக்கிற விரிசல் புது வெல்டைக் கீழிருந்து கிழிக்கும். தோண்டி முடித்ததும் மறுபடி சிவப்பு அடித்துப் பாருங்கள். கோடு வந்தால் இன்னும் தோண்ட வேண்டும். பசி நேரத்தில் இது எரிச்சலாகத்தான் இருக்கும்.

மேலே பட்டி தகடு வைப்பது கடைசி வழி. வைத்தாலும் சதுரமாக வெட்டாமல் வைர வடிவில் வெட்டி, மூலைகளை உருட்டி வையுங்கள். பூமுக்குக் குறுக்கே நேராக முடிகிற வெல்டு அடுத்த விரிசலுக்கு நீங்களே போட்டுத் தருகிற கோடு.

8. ராடு, சூடு, ஓட்டம்

7018 ராடு ஈரம் குடிக்கும். அந்த ஈரத்திலிருந்து ஹைட்ரஜன் இரும்புக்குள் போய், வெல்டு ஆறிய பிறகு, சில சமயம் அடுத்த நாள்கூட, பக்கத்தில் விரிசல் விடும். 'நேற்று நன்றாக இருந்தது' என்கிற வேலைகளில் பாதி இந்தக் கதைதான். டப்பாவில் போட்டிருக்கிறபடி சுடுங்கள், பெரும்பாலும் 300–350 டிகிரியில் 1 மணி நேரம். பிறகு 100 டிகிரிக்கு மேல் வைத்திருக்கிற கைப்பெட்டியிலிருந்து ஒவ்வொன்றாக எடுங்கள். வெளியே 4 மணி நேரத்துக்கு மேல் கிடந்த ராடு மறுபடி அடுப்புக்குப் போக வேண்டும். பெங்களூரில் ஜூனிலிருந்து அக்டோபர் வரை இதில் ஏமாற்றவே முடியாது. 6013-ஐ மட்டும் இந்தச் சூட்டில் போடாதீர்கள், பூச்சு கெட்டுப்போகும்.

அடாப்டர், பக்கெட்டின் தடித்த முன் தகடான லிப் போன்றவற்றை 150 முதல் 200 டிகிரி வரை சூடாக்குங்கள். தீ காட்டுகிற பக்கத்தில் அளந்தால் பொய் சொல்லும். மறுபக்கத்தில், வெல்டிலிருந்து 75 மி.மீ. தள்ளி அளந்தால்தான் சூடு உள்ளே போயிருக்கிறதா என்று தெரியும். டிசம்பர், ஜனவரி விடியற்காலையில் இரும்பு ஜில்லென்று இருக்கும், கேஸ் கூடுதலாக எடுத்துப் போங்கள்.

3.15 மி.மீ. ராடுக்கு 100–130 ஆம்ப், 4 மி.மீ.க்கு 140–180 அளவில் ஆரம்பித்து, ராடு பாசிட்டிவில் இருக்கட்டும். அகலமாக வீசாமல் நேர்க்கோட்டு ஓட்டம். ஒவ்வொரு ஓட்டத்துக்கும் கசடை முழுக்க எடுங்கள். முடித்ததும் தீப்போர்வை போட்டு மெதுவாக ஆறவிடுங்கள். அவசரத்தில் தண்ணீர் ஊற்றுகிற ஆபரேட்டர் கட்டாயம் ஒருவர் இருப்பார், முன்கூட்டியே சொல்லிவையுங்கள்.

9. பக்கெட் பல்லும் அடாப்டரும்

அடிக்கடி வருகிற வேலை. பல் என்பது பின் (முள்) போட்டு மாட்டுவது, அதை அடாப்டரோடு வெல்டு வைத்துவிடாதீர்கள். "விழுந்துக்கிட்டே இருக்கு, ஒட்டிவிடுங்க" என்பார்கள். அடுத்த முறை பல் மாற்றும்போது அடாப்டரையே வெட்ட வேண்டி வரும். விழுவதற்குக் காரணம் தேய்ந்த பின் அல்லது அடாப்டரின் தேய்ந்த மூக்கு (பல் ஏறுகிற நுனி), அதைச் சரி செய்யுங்கள்.

அடாப்டர் மாற்றும்போது பழைய வெல்டு முழுவதையும் அரைத்து எடுத்து, எல்லா மூக்குக்கும் நூல் பிடித்து நேர் பாருங்கள். நடுவில் இருப்பதை முதலில் வைத்து இரண்டு பக்கமும் மாறி மாறிப் போங்கள், அடி, மேல் என்றும் மாற்றி ஓட்டுங்கள். ஒரே பக்கமாக ஓட்டினால் லிப் வளையும். லிப்பின் முன் விளிம்புக்கு 25 மி.மீ. முன்னாலேயே வெல்டை நிறுத்துங்கள். அதிக அடி வாங்குகிற விளிம்பு அது, அங்கே வெல்டு முடிந்தால் அங்கிருந்தே விரிசல் பிறக்கும்.

10. ஹார்ட்ஃபேசிங்

இதில் மெல்லிய குறுக்கு விரிசல் வருவது இயல்பு, பயப்படாதீர்கள். இரண்டு, மூன்று அடுக்குக்கு மேல் போடாதீர்கள், பாளம் பாளமாகப் பெயரும். பெரிய கல் ஓடுகிற இடத்தில் கல் போகிற திசையிலேயே கோடு. எம்-சாண்ட் போன்ற பொடி ஓடுகிற இடத்தில் கட்டம் கட்டமாகப் போட்டால், நடுவில் பொடி தங்கி அதுவே கவசமாகும்.

ஜா பிளேட்டை வெல்டு வைத்து முழுக்க வளர்ப்பதில் எனக்கு நம்பிக்கை இல்லை. கீழ்ப்பாதி தேய்ந்திருந்தால், திருப்பிப் போடக்கூடிய பிளேட்டாக இருக்கும் பட்சத்தில் தலைகீழாகத் திருப்பச் சொல்வேன். எனக்கு அன்று கூலி குறையும், அடுத்த வேலைக்கு என்னைத்தான் கூப்பிடுவார்கள்.

இந்த ராடின் புகை மோசமானது, குரோமியமும் மாங்கனீஸும் அதில் இருக்கும். கூடவே குவாரித் தூசியில் சிலிக்கா. காற்று முதுகுப் பக்கம் வருமாறு நின்று, நல்ல மாஸ்க் போடுங்கள். முகத்தில் கட்டிய துண்டு மாஸ்க் ஆகாது.

11. முடியாது என்று சொல்ல வேண்டிய வேலைகள்

டயர் மாட்டிய ரிம்மில் வெல்டு. காற்றை இறக்கினாலும் கூடாது. சூட்டில் உள்ளே ரப்பர் ஆவியாகி வெடிக்கும், ஆள் மிஞ்சமாட்டார். டயரை முழுக்கக் கழற்றிய பிறகுதான்.

ஜா கிரஷரின் டாகிள் பிளேட். நசுக்க முடியாத இரும்புத் துண்டு உள்ளே போனால் முதலில் உடைவதற்கென்றே வைத்த பாகம் அது. தகடு வைத்து அதை வலுப்படுத்தினால், அடுத்த முறை ஷாஃப்டோ பிட்மேனோ (ஆடுகிற ஜாவின் பெரிய உடல்) உடையும்.

கல்லைச் சலிக்கிற வைப்ரேட்டிங் ஸ்கிரீனின் பக்கத் தகடு. நொடிக்குப் பல முறை அதிர்கிற தகட்டில் வெல்டு வைத்த ஓரத்திலிருந்தே புது விரிசல் கிளம்பும். நுனியில் துளை போட்டு, போல்ட் போட்ட தகடு வைப்பது ஓரளவு தாங்கும், மற்றது கம்பெனிக்காரர் வேலை.

ஹைட்ராலிக் சிலிண்டரின் ராடு, டீசல் டேங்க், மெஷின் கவிழ்ந்தால் ஆபரேட்டரைக் காக்கிற கேபின் கூடு ஆகியவற்றுக்கும் இதே பதில்தான்.

12. ஒப்படைப்பதும் பில்லும்

ஆறிய பிறகு மறுபடி சிவப்பு–வெள்ளை அடித்துப் பாருங்கள், போட்டோ எடுங்கள். பெல்ட், ரப்பர் ஸ்கிரீன் பக்கம் வேலை செய்திருந்தால் அரை மணி நேரமாவது அங்கேயே உட்கார்ந்து புகை வருகிறதா என்று பாருங்கள். ஹாப்பருக்கு அடியில் விழுந்த ஒரு பொறி, நாங்கள் டீ குடித்துக்கொண்டிருந்தபோது பெல்ட்டைக் கருக்கிய கதை எனக்கு உண்டு.

பில்லில் ராடு கிலோ, கேஸ், வேலை நேரம், வந்துபோன தூரம் என்று தனித்தனியாக எழுதுங்கள். பதிவு இருந்தால் ரிப்பேர் வேலைக்கு 18 சதவீதம் ஜி.எஸ்.டி. வெடி வைத்ததால் காத்திருந்த நேரத்தை முதல் நாளே பேசாவிட்டால் யாரும் தரமாட்டார்கள். தேய்மானத் தகட்டுக்கு இத்தனை மாதம் என்று வாக்குக் கொடுக்காதீர்கள், அது கல்லைப் பொறுத்தது.

பேட்டரி, பிளக், கார்டு எல்லாம் மாட்டி, கருவிகளை எண்ணி வண்டியில் ஏற்றி, எல்லாரும் தள்ளி நிற்கிறார்களா என்று பார்த்துவிட்டுக் கடைசியாகப் பேனலுக்குப் போய்ப் பூட்டைக் கழற்றுங்கள். ஒருமுறை கனகபுரா பக்கம் வேலையை முடித்துவிட்டு பொம்மசந்திரா வரை வந்துவிட்டேன், சாவி பாக்கெட்டிலேயே இருந்தது. நான் திரும்பிப் போய்த் திறக்கும் வரை மொத்தக் கிரஷரும் நின்றுகொண்டிருந்தது. அந்தப் போக்குவரத்துக்கு நான் பில் போடவில்லை.